வளைவுக்கு முன் ஒரு குரல்

தேன்சொரியத் தாய்முகம் காட்டும் தந்தையே,
மலைமுகட்டில் எழுந்தாலும் மன்றத்தில் எழுந்தாலும்
கூவும் குரலின் குலம்கேளா நாயகனே,
எளியேன் உரைக்கும் இச்சொல்லுக்குக் காவல் நீயே.

இன்று மார்கழித் திங்கள், திருவாதிரை நன்னாள். விடியலில் ஆடற்பெருமான் வீதிவலம் வந்து, களி நிவேதனமாகி, எங்கள் அடியார் குழாம் பதிகம் ஓதிக் கலைந்தது. அதன்பின் எழுத அமர்ந்திருக்கிறேன். யாரைப் பற்றி என்று உடன் ஓதும் நண்பர் கேட்டார். சொன்னேன். நெற்றித் திருநீறு உதிரும்படி புருவத்தை உயர்த்தினார்.

“அந்தக் கத்தறவளப் பத்தியா? இன்னா நாளு, இன்னா காரியம்! வேற ஆளு கெடைக்கலயா ஒங்களுக்கு?”

“உடுக்க அடிச்சி ஆடறவரு நாளுங்க இது. மெல்லப் பேசறவங்களப் பத்தி வேற நாளைக்கு எழுதிக்கறேன்” என்றேன்.

அவள் பாடுவதற்கு ஹார்டு ராக் என்று பெயர். மின்கிதார் உறும, டிரம்ஸ் இடிக்க, பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து குரலைக் கிழித்துக்கொண்டு பாடும் பாட்டு. நானோ தீட்சை பெற்றவன். பண் பிசகினால் பிராயச்சித்தம் தேடுகிறவன். எனினும் எழுதுகிறேன். ஒரே நிபந்தனையை அவள்தான் விதித்தாள்: “பேரு போடாதீங்க ஐயா. பேரப் பாத்தா எந்த ஊரு, எந்தத் தெருன்னு அடுத்த கேள்வி வரும். தொண்டயப் பத்தி மட்டும் எழுதுங்க.”

ஆகவே தொண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

கல்வராயன் மலையின் ஒற்றையடிப் பாதைகளில் ஒரு வழக்கம் உண்டு. வளைவு வந்தால் திரும்புமுன் நின்று, நீளமாக ஒரு குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் கரடி இருந்தால் விலகிக்கொள்ளும். சுமையோடு ஆள் வந்தால் ‘ஓ, ஓ’ என்று இரட்டையாகப் பதில் கொடுத்து நிற்பார். கொடுத்த குரலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மலையில் பெரும் பழி. பதிலே இல்லையென்றால் பாதை காலி, தைரியமாகத் திரும்பலாம்.

அவள் தகப்பன் மலையடிவாரத்துக் கூலியாள். நாங்கள் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பிடுங்கும் காலம் தவிர மற்ற நாட்களில் மலைமேல் போய்ப் பாறைத்தேன் வாங்கி, எங்கள் ரிஷிவந்தியம் கோயிலுக்குக் கொண்டுவருவார். எங்கள் பெருமானுக்குத் தேனாட்டு என்னும் தேன் அபிஷேகம் நடக்கையில் லிங்கத் திருமேனியில் அம்மையின் வடிவம் துலங்கும். அதைக் காணத்தான் எங்கள் ஊருக்குக் கூட்டம் வருகிறது. அந்தத் தேன் சுமந்த தகப்பனின் பின்னால் பாவாடைக் காலத்திலிருந்தே மலை ஏறியவள் அவள். தகப்பனின் நெஞ்சு பலவீனமானதும் வளைவுகளில் குரல் கொடுக்கும் பொறுப்பு மகளுக்கு வந்தது. அவர் மறைந்தபின் தேன் டின்னும் வந்தது.

சிறிய உடம்பு. டின் சுமந்து ஒரு தோள் சற்றே இறங்கியிருக்கும். குரல் கொடுக்குமுன் வலது குதிகாலால் தரையை ஒருமுறை மிதிப்பாள். அதன்பின் எழும் ஓசைக்கும் அந்த உடம்புக்கும் தொடர்பே இராது. கரகரத்த, அகன்ற, ஆண்குரல் என்று எவரும் சொல்லக்கூடிய குரல். மலையில் அது அவளுக்குக் காவல். சமவெளியில் அதுவே வசையாயிற்று.

களமருதூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். “வாயத் தொறக்காதடி, தலய மட்டும் ஆட்டு” என்று தாய் கைபிடித்துக் கேட்டிருந்தாள். மகளும் பதுமைபோல் அமர்ந்திருந்தாள். அந்நேரம் பார்த்து அண்டை வீட்டுப் பசு மல்லாட்டைக் கொல்லையில் இறங்கியது. குதிகால் தரையை மிதித்தது. பசு மூன்றாம் கொல்லைக்கு ஓடியதாகவும், மாப்பிள்ளையின் மாமன் மடியில் காப்பி கொட்டியதாகவும் தாயே என்னிடம் சொன்னாள்.

மாமன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து, “பொண்ணு லட்சணமாத்தான் கீதுங்க. ஆனா எங்க ஊரு சின்ன ஊரு. இந்தத் தொண்டைக்கு எடம் பத்தாது” என்றாராம்.

“ஊரு பத்தலன்னா வேற ஊரு பாத்துக்கலாம். தொண்டய எங்க போயி மாத்தறது?” என்றாளாம் இவள்.

தாய் இதை அழுதுகொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது.

ஒருமுறை தேன் டின்னோடு வந்தவள், நாங்கள் சந்நிதியில் ஓதி முடிக்கும்வரை கொடிமரத்தருகே நின்றிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டது வழக்கமான உபசாரம்தான். அவள் உபசாரமாகப் பதில் சொல்லவில்லை.

“நல்லாத்தான் கீதுங்க ஐயா. ஆனா சாமி எதுக்கவே நிக்கற மாதிரி, பயந்து பயந்து கூப்புடறீங்க. சாமி வளைவுக்கு அந்தாண்ட கீது. கேக்கற மாதிரி கூப்புடுங்க.”

உடனிருந்தவர்கள் முகம் சிவந்தார்கள். அன்றிரவு திருமுறை ஏட்டை நெடுநேரம் புரட்டினேன். கோபத்தால் அன்று. அவள் சொன்னதை மறுக்க ஒரு பதிகத்தையும் என்னால் கண்டெடுக்க முடியவில்லை.

அவள் மேடை ஏறியதும் எங்கள் கோயில் திருவிழாவில்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பாட்டுக் கச்சேரிக் குழு வரும். அதில் பின்பாட்டுக்கு ஆள் குறைந்தபோது இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். மைக்கிலிருந்து நாலடி தள்ளி நிற்கச் சொல்வார்களாம். ஓராண்டு முன்பாட்டுப் பாடும் பெண்ணுக்குக் காய்ச்சல். வேறு வழியின்றி இவளை முன்னால் நிறுத்தினார்கள்.

ஒத்திகையில் குழுத் தலைவர் கெஞ்சினார். “தேன் மாதிரி பாடும்மா, தேன் மாதிரி.”

“தேன் எடுக்கற எடத்துல நின்னுகீறீங்களா? காது ரெண்டும் அடச்சிக்கும், அவ்ளோ சத்தம். தேன் மாதிரின்னா அந்தச் சத்தமும் சேந்துதாங்க.”

அக்குழுவில் ஒரு கிதார்க்காரன் இருந்தான். பெங்களூரில் இந்த முரட்டுப் பாட்டை வாசித்துப் பழகியவன். தகப்பனுக்குச் சின்னசேலம் ரயில் நிலையத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தவனைக் கைச்செலவுக்காகக் குழுவில் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒத்திகையில் அவன் கருவி ஏதோ பழுதால் ஓலமிட்டு உறுமியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். இவள் மட்டும் திரும்பிப் பார்த்து, “பாறத்தேனீ கூட்டமா கௌம்பற சத்தம். நிறுத்தாத, அப்படியே வெச்சிரு” என்றாள். அவன் நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கும் அன்று ஏற்பட்ட பழக்கம் அதுதான். ஊர் வேறு விதமாகப் பேசியது. பேசட்டும்.

திருவிழா மேடையில் இரண்டு பாட்டுவரை அடக்கமாகப் போயிற்று. மூன்றாவதில் அவன் கருவியை உறுமவிட்டான். இவள் குதிகாலை மிதித்தாள். அம்மனை அழைக்கும் நாட்டார் பாட்டொன்றைத்தான் பாடினாள். எனினும் அப்படி ஓர் அழைப்பை எங்கள் வீதி கேட்டதில்லை. குழந்தைகள் எழுந்து ஆடின. பெரியவர்கள் எழுந்து திட்டினார்கள். விழாக் குழுவில் ஒருவர் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். விளக்கும் மைக்கும் கிதாரும் ஒருங்கே அணைந்தன.

அவள் அணையவில்லை. வெறும் டிரம்ஸ் மட்டும் துணைக்கு வர, பாட்டைக் கடைசி அடிவரை பாடினாள். ஏரிக்கரையில் காவல் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டதாம்.

இருட்டில் ஒருவன் கத்தினான்: “ஆம்பளயா பொம்பளயாடி நீ?”

அவள் கையைச் சந்நிதிப் பக்கம் நீட்டினாள். “உள்ள கீறவரப் போயி கேளு. அவரு இன்னா சொல்றாரோ அதான் நானும்.”

மாதொருபாகனின் ஊரில் அதற்கு மறுமொழி சொல்ல யாரால் முடியும்?

மேடை கலைந்தபின் கிதார்க்காரன் அவளிடம் சொன்னான், எங்கள் எல்லோர் முன்னிலையிலும்: “எங்க குழுவுக்குப் பாட ஆளு வேணும். அடுத்த வெள்ளிக்கிழம சாயங்கால வண்டியில சேலம் போயி, அங்கிருந்து பெங்களூரு போறேன். வர்றதுன்னா சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்துடு. அந்த வண்டிய விட்டா வேற ஆளப் பாத்துக்குவாங்க.”

பெங்களூர் எத்திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்த வண்டி ஒன்றுதான் அவள் அறிந்த வழி.

அந்த வாரம்தான் சாலைகள் அடைபட்டன. அவை இடஒதுக்கீட்டுப் போராட்டம் வட மாவட்டங்களில் மூண்டெழுந்த ஆண்டுகள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பேருந்து இல்லை. ஒவ்வோர் ஊர் முனையிலும் கூட்டம், எங்கோ போலீஸ் வண்டி, எங்கோ புகை. நீ எந்தச் சாதி ஆள் என்ற கேள்விக்குப் பிறகுதான் நீ எங்கே போகிறாய் என்ற கேள்வி.

தேனாட்டு நாள் நெருங்கியும் தேன் வரவில்லை. நான் சைக்கிளில் குறுக்குவழிகளாகப் போய் மலையடிவாரத்தில் அவள் வீட்டை அடைந்தபோது, வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது. தாயும் மகளும் வாசலில் நின்று சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வெட்டிப் போட்டுக்கினு கெடக்கறாங்கடி ரோட்டையெல்லாம். போறவ உசுரோட போயி சேருவியா?”

“வூட்லயே கெடந்தா உசுரோட இருப்பேனா?”

தாய் என்னைக் கண்டதும் மகளை விட்டு என் பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க.”

நான் சொல்லுமுன் மகள் தேன் டின்னை என் சைக்கிளில் கட்டிவிட்டாள். “கள்ளக்குறிச்சி வரைக்கும் ஐயா கூடத் தொணைக்குப் போறேன்” என்று சிரித்தாள். யாருக்கு யார் துணை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சாய்ந்த மரங்களின் மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி நடந்தோம். வழியில் கண்ட கூட்டங்களுக்கெல்லாம் அவள் தொலைவிலிருந்தே குரல் கொடுத்தாள். எனக்கு உடல் கூசிற்று. “மெல்லப் போவோமே அம்மா, எதுக்கு ஊரைக் கூட்டறே?” என்றேன்.

“பம்மிக்கினு வர்றவனத்தாங்க அடிப்பாங்க. கொரலு குடுத்துக்கினு வர்றவன எதுக்கு அடிக்கறாங்க?”

ஓர் ஏரிக்கரை. சாலை அங்கே கரையைச் சுற்றி வளைகிறது. வளைவுக்கு அப்பால் நெடுநேரம் கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் நெருங்கும்போது அது நின்றுவிட்டது. வெட்டியவர்கள் கஞ்சி குடிக்கப் போயிருப்பார்கள், இப்போதே ஓசையின்றிக் கடந்துவிடலாம் என்று சைக்கிளை வேகமாகத் தள்ளினேன். அவள் பின்சக்கரத்துக் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“சத்தம் நின்னாத்தாங்க பயம்.”

குதிகாலை மிதித்தாள். குரல் கொடுத்தாள்.

பதில் இரட்டைக் குரலாக வரவில்லை. ஓர் அலறலாக வந்தது. “வராத! வராத! நில்லு!” அதோடு, மரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுபடும் ஓசை. வளைவின் விளிம்பில் ஒரு முதிய புளியமரம் வானத்திலிருந்து மெல்லக் குனிவதுபோல் குனிந்து, நாங்கள் அந்நேரம் மிதித்திருக்க வேண்டிய சாலையின் மேல் விழுந்தது. கிளை நுனி ஒன்று என் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தொட்டது. புழுதியும் இலையுமாக எங்கள்மேல் பொழிந்தன.

புழுதி அடங்கியபோது மரத்தின் அந்தப் பக்கம் நாலைந்து பேர் நின்றார்கள். கோடரிக்காரன் மட்டும் அடிமரத்தில் உட்கார்ந்துவிட்டான். மற்றொருவன், மீசை துடிக்க, என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“டின்னுல இன்னா? மண்ணெண்ணெயா? யாரு வூட்ட கொளுத்தப் போறீங்க?”

“தேன். சாமிக்கு” என்றாள் அவள்.

“ஊரே எரியுது, சாமிக்குத் தேனா? எந்த ஊருடி நீ? யாரு ஆளு?”

“வழியில போற ஆளு.”

“வாய் ஜாஸ்தியா கீதே! சரி, இந்தத் தொண்டைக்கு எங்க கோஷத்த ஒரு தடவ போடு. போட்டுட்டுப் போய்க்கினே இரு.”

நான் அவள் காதருகில், “போட்டுவிடு அம்மா, வண்டிக்கு நேரமாகிறது” என்றேன். ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டிருந்தது. அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

“நாங் குடுத்த கொரலாலதாண்ணா ஒங்க ஆளு கையில ரெண்டு கொலப் பழி ஏறாம கெடக்குது. இன்னொண்ணு ஓசியில கேக்கறியா? ஒங்க வழக்குல ஞாயம் இருந்தா நீங்களே கொரலு குடுங்க. எரவல் கொரலு எத்தினி நாளைக்கு வரும்?”

மீசைக்காரன் ஓரடி முன்வந்தான். அப்போதுதான் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். “வுடுடா. கொரலு குடுத்துக்கினு வந்த பொண்ணுகிட்ட இன்னாடா சாதி கேக்கற? அந்தச் சத்தம் கேக்கலன்னா இந்நேரம் நான் கொலகாரன்” என்றான். கோடரியைக் கீழே போட்டுவிட்டு வந்து, என் சைக்கிளைத் தானே தூக்கி மரத்தின் அந்தப் பக்கம் வைத்தான். டின்னிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கிளைகளினூடே கடக்கையில் அவன் முகத்தை அருகில் பார்த்தேன். அவனும் ஏதோ ஒரு வளைவுக்கு முன் நெடுங்காலம் குரல் கொடுத்துப் பதில் வராமல் நின்றவன்தான் என்று பட்டது. மரம் என்ன பாவம் செய்தது என்பது வேறு கேள்வி.

கள்ளக்குறிச்சியில் வழி பிரிந்தது. சின்னசேலம் இன்னும் தொலைவு, பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. சைக்கிளை அவளிடம் கொடுத்தேன். டின்னைத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.

“சைக்கிள ஸ்டேஷன்ல வுட்டுட்டுப் போறேங்க ஐயா” என்றாள். ஏறி மிதித்தாள். முதல் திருப்பத்தில் அவள் குரல் கேட்டது. அங்கே கரடியா இருந்தது? வெற்றுத் திருப்பம். பிறகு அடுத்ததில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தேனாட்டு குறையின்றி நடந்தது. அம்மை முகம் காட்டினாள். அவள் வண்டி ஏறினாளா என்று மட்டும் தெரியவில்லை. சாலைகள் திறந்தபின் சைக்கிளை எடுக்கப் போனபோது, நிலையத்தில் கொடி காட்டும் ஊழியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணுக்கு நீங்க ஒறவா? வண்டி நவுந்துடுச்சிங்க. கேட்டாண்டயிருந்து ஒரு கொரலு வந்துது பாருங்க! தண்டவாளத்துல எவனோ மாட்டிக்கினான்னு கார்டு செவப்புக் கொடிய காட்டிட்டாரு. வண்டி நின்னுது. இது பாட்டுக்கு ஏறி ஒக்காந்துக்கிச்சி. கார்டு திட்டறாரு, இது கும்புடு போடுது, வண்டி பூராவும் சிரிக்குது.”

பெங்களூரில் எளிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டுதோறும் தேனாட்டுக்குத் தவறாமல் டின்னோடு வருவாள்; அப்போது சொல்வாள். பெண் என்பதால் மேடைக்கு அழகாக நிற்கச் சொன்னார்கள், நிற்கவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பாடச் சொன்னார்கள். காதால் கேட்டே கற்றுப் பாடினாள், பிறகு தமிழிலும் பாடுவேன் என்று அடம்பிடித்தாள். ஒலிநாடா போடும் முதலாளி ஒருவர் குரலைக் கொஞ்சம் மென்மையாக்கினால் வீடு வாங்கலாம் என்றாராம். “வளைவுக்கு வளைவு கூவிக்கினு வந்தவ நானு. இனிமே எவனுக்குக் கொறைக்கணும்?” என்று எழுந்து வந்துவிட்டாள். ஓராண்டு தொண்டை புண்ணாகிப் பேச்சே இல்லாமல் இருந்தாள். அவ்வாண்டும் வந்தாள். கோயில் வாசலில் குதிகாலை மட்டும் மிதித்தாள். அந்த மௌனத்தை நான் எந்நாளும் மறவேன்.

குரல் திரும்பிற்று. பெயரும் வந்தது. என் தங்கை மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவன் ஒருநாள் மாலை என்னைத் திறந்தவெளி அரங்கொன்றுக்கு அழைத்துப்போனான். திருநீறும் உருத்திராக்கமுமாக அத்தனை கருஞ்சட்டை இளைஞர் நடுவில் நின்றேன். ஒரு பையன், “தாத்தா, வழி தவறி வந்துட்டீங்களா?” என்று கேட்டான். “சரியான வழியிலதான்பா வந்தேன்” என்றேன்.

விளக்குகள் அணைந்தன. மேடை வெறுமையாக இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து, ஒலிபெருக்கியில் ஒரு குதிகால் பலகையை மிதிக்கும் ஓசை. பிறகு அந்தக் குரல். நீண்டு, கரகரத்து, பாறை விளிம்பில் நின்று அப்பால் யார் என்று கேட்கும் அதே குரல். இளைஞர்கள் ஆரவாரித்தார்கள். அது ஆரவாரம்; பதில் அன்று. ஆரவாரம் அடங்கிற்று. அவள் மேடைக்கு வரவில்லை. காத்திருந்தாள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இப்படித்தான் தொடங்குவாளாம், சற்று நின்று பார்த்துவிட்டு வருவாளாம், ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். என் மருமகன் பின்னால் சொன்னான்.

எனக்குத் தெரியும். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இறைவன் திருமுன் தவிர வேறெங்கும் உயர்த்தாத குரலை, அந்த அந்நிய நகரத்துக் கூட்டத்தின் நடுவே அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

“ஓ! ஓ!”

சுற்றிலும் தலைகள் திரும்பின. பின்பு மைக்கில் ஒரு சிரிப்பு, தேன் டின்னைக் கட்டிய அன்றைய சிரிப்பு. “வழி வுடுங்க, வர்றேன்!” என்றாள். கிதார் உறும, மேடைக்கு வந்தாள்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும், அவளைத் திட்டியவர்களுக்கும், ஜெனரேட்டரை நிறுத்தியவருக்கும், கோடரியைக் கீழே போட்டவனுக்கும் அம்மையப்பன் அருள் சுரக்கட்டும். உங்கள் பாதை வளையும் இடங்களில் குரல் அடங்காதிருக்கட்டும். நீங்கள் கூவும்போது அந்தப் பக்கத்திலிருந்து இரட்டைக் குரலாய்ப் பதில் வரட்டும்.